மூலை வெட்டாத தாள்

அந்தத் தணிக்கையாளரைத் தொழில் வட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பச்சைப் பென்சில் என்றால் போதும். சரிபார்த்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு டிக் போடுவார். டிக் விழாத வரிக்காக யார் வந்து தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் அசைந்துகொடுக்க மாட்டார். தணிக்கைக்குப் போகிற இடத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பது கிடையாது. வீட்டிலிருந்தே ஃபிளாஸ்கில் காபி, டப்பாவில் சாப்பாடு. "அவங்க காபியக் குடிச்சுட்டு அவங்க கணக்க எப்படிக் குத்தம் சொல்றது?" என்பார். "என் காபியக் குடிச்சுட்டு என்னைக் குத்தம் சொல்றீங்களே, அது மட்டும் எப்படி முடியுது?" என்று அவர் மனைவி கேட்டதற்கு முப்பது வருஷமாக அவரிடம் பதில் இல்லை.

அரசாங்க மானியம் வாங்குவதுகூடப் பெரிய விஷயம் இல்லை. வாங்கியதை ஒழுங்காகத்தான் செலவழித்தோம் என்று காட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு தொகைக்கு மேல் மானியம் வாங்கிய எந்த நிறுவனமும் வெளியாள் ஒருவரை வைத்துத் தணிக்கை செய்து, குறித்த தேதிக்குள் அறிக்கை அனுப்பியாக வேண்டும். வாங்கிய பொருள் ஒவ்வொன்றும் எங்கே போயிற்று என்று கண்ணில் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அடுத்த தவணையும் வராது. இதையெல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலைதான் பச்சைப் பென்சிலுடையது.

அந்த வருஷம் அவர் கைக்கு வந்தது ஒரு சின்ன அச்சகம். டயர் கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி ஏறினால் மூன்று அறைகள். பார்வையில்லாத பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைப் பிரெயில் புள்ளிகளாக அச்சடித்துப் பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்புகிற இடம் அது. முதல் அறையில் எந்திரம். பேருந்து மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். அதன் ஆறு ஊசிகளில் மூன்றாவது ஊசிக்கு மட்டும் தனிக் குணம். நினைத்தால் குத்தாமல் விட்டுவிடும். நினைத்தால் சிக்கிக்கொண்டு வேண்டாத இடத்திலெல்லாம் குத்தித் தள்ளும். புது எந்திரம் வாங்க மானியத்தில் இடம் இல்லை.

அச்சகத்தை நடத்தியது இரண்டு பேர், உடன்பிறந்தவர்கள். மூத்தவருக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. எந்திரம் துப்பிய ஒவ்வொரு தாளையும் விரலால் படித்துப் பிழை பார்ப்பது அவர் வேலை. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அவர் அக்கா. இளையவள் அசல் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள், கணக்கும் எழுதுவாள். பொருளைக் கழிக்கிறவர் அக்கா, கழித்ததைக் கணக்கில் எழுதுகிறவள் தங்கை என்று தெரிந்த உடனே பச்சைப் பென்சிலின் புருவம் மேலே போயிற்று. தன் குறிப்பேட்டில் 'ஒரே குடும்பம், கவனிக்க' என்று எழுதிக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் பிரச்சினை இல்லை. மின்கட்டணம், வாடகை, சம்பளம் எல்லாம் மணி மணியாக இருந்தன. மூன்றாம் நாள் தாள் கணக்குக்கு வந்தார். மானியத்தில் வாங்கிய கெட்டித் தாள் இருபத்து நாலாயிரம். அனுப்பிய புத்தகம் தொண்ணூறு, ஒவ்வொன்றிலும் இருநூற்று நாற்பது தாள். ஆக இருபத்தோராயிரத்து அறுநூறு. அலமாரியில் வெற்றுத் தாள் இருநூற்று அறுபது. அதையும் எச்சில் தொட்டு எண்ணிப் பார்த்தார். மீதி இரண்டாயிரத்து நூற்று நாற்பது தாளுக்கு நேராக, 'பிழை, அழிக்கப்பட்டது' என்று தங்கையின் உருண்டை எழுத்தில் இருந்தது.

"அழிச்சது யாரும்மா?"

"நாந்தான் சார்."

"எரிச்சீங்களா, கிழிச்சீங்களா?"

"கிழிச்சு... குப்பையில போட்டுட்டேன் சார்."

"இந்தத் தாள் கல்யாணப் பத்திரிகை கணக்கா கெட்டியா இருக்கு. ரெண்டாயிரத்து நூத்தி நாப்பதையும் நீங்க ஒருத்தரே கிழிச்சீங்களா? எங்க, கையக் காட்டுங்க பாப்போம்."

தங்கை கையைக் காட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"போதும்டி," என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. "சொல்லிப் பழக்கமில்லாதவ பொய் சொன்னா இப்படித்தான் விழிக்கணும்." அக்கா சுவரைத் தொட்டபடி வந்து நின்றார். "தாள் எல்லாம் இருக்கு சார். ஒண்ணுகூட அழிக்கல. ஆனா இங்க இல்ல. புள்ளைங்களோட அப்பா அம்மா வீட்டுல இருக்கு."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. ஒரு தாளில் ஒரே ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் அக்கா அதைக் கழித்துவிடுவார். பிள்ளை தப்பான எழுத்தைப் படித்து அதையே சரி என்று நம்பிவிடும் என்ற பயம் அவருக்கு. கழித்த தாளை எறியவும் மனசு வரவில்லை. புத்தகம் வாங்க வருகிற பெற்றோரில் பாதிப் பேர் தங்கள் பிள்ளை என்ன படிக்கிறது என்றே தெரியாமல் இருந்தார்கள். ஆகவே சனிக்கிழமை தோறும் பொட்டலம் கட்டுகிற அறையில் அவர்களை உட்காரவைத்தார். எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்த பிறகு, ஆளுக்கு ஒரு கழித்த தாளைக் கொடுப்பார். "இதுல ஒரு தப்பு இருக்கு. கண்ண மூடிக்கிட்டு விரலால தேடுங்க. அகப்பட்டதும் கண்ணத் திறந்து பென்சிலால வட்டம் போடுங்க. அப்புறம் அடுத்த தாள்." அவ்வளவுதான் பாடம்.

"மானியத் தாள வெளியாளுக்குக் குடுத்தோம்னு எழுதினா வம்பாயிடும்னு பயந்துட்டேன் சார்," என்றாள் தங்கை. "அதான் அழிச்சுட்டோம்னு எழுதினேன்." சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டியது.

பச்சைப் பென்சில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திருடிட்டு தர்மக் கணக்கு எழுதினவங்கள நிறையப் பாத்திருக்கேன். தர்மம் பண்ணிட்டுப் பொய்க் கணக்கு எழுதின ஆள இப்பத்தான் பாக்கறேன். ரெண்டுமே தப்புத்தாம்மா."

பிறகு மானிய விதியை எடுத்துப் படித்துக் காட்டினார். நூற்றுக்கு மூன்று தாள் வரை வீணாகலாம், கேள்வி கிடையாது. இங்கே அது எழுநூற்று இருபது. அதற்கு மேல் போனால் வீணான தாள் அத்தனையையும் தணிக்கையாளர் நேரில் பார்க்க வேண்டும். அவை உண்மையிலேயே வீணானவைதான் என்று சான்று சொல்ல வேண்டும். பார்த்த தாள் அடுத்த வருஷமும் கணக்கில் வந்துவிடாதபடி ஒவ்வொன்றின் மூலையையும் வெட்ட வேண்டும். அறிக்கை போய்ச் சேர இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"எல்லாத் தாளையும் கொண்டாரச் சொல்லுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் என்னால கையெழுத்துப் போட முடியாது," என்றார்.

"கையெழுத்து விழலேன்னா?" என்றார் அக்கா.

"அடுத்த தவணை வராது."

"அப்ப, பள்ளிக்கூடம் திறக்கறப்ப முப்பத்தெட்டுப் புள்ளைங்களுக்குப் புத்தகம் கிடையாது." அக்காவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "பக்கத்துப் புள்ள படிக்கறதக் காதால கேட்டுக்கிட்டு, கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். நான் அப்படி ரெண்டு வருஷம் உக்காந்திருக்கேன் சார். அதனால கேட்டேன்."

பச்சைப் பென்சிலுக்கு அன்று வீட்டில் காபி இறங்கவில்லை. ஆனாலும் விதி விதிதான். தாள் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது, அது பிழையான தாள்தானா என்று அவரே தனியாகச் சோதிக்க வேண்டும்; கழித்தவரின் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட முடியாது. ஆகவே மறுநாளே பிரெயில் எழுத்து அட்டவணை ஒன்றை வாங்கிக்கொண்டு பிழை பார்க்கும் அறையில் போய் உட்கார்ந்தார்.

அந்த அறையில் பல்பு பியூஸ் போய் எத்தனை மாதமோ, யாரும் கண்டுகொள்ளவில்லை. தங்கை ஜன்னலோரம் வாசித்தாள். அக்கா மேஜையில் தாளை வைத்து, இரண்டு ஆள்காட்டி விரலையும் மேல் வரியில் வைத்தார். அதன் பிறகு விரல்கள் நிற்கவில்லை. இடது கை அடுத்த வரியின் தொடக்கத்துக்கு இறங்கும்போது வலது கை இந்த வரியின் முடிவைத் தொட்டுக்கொண்டிருந்தது. தங்கை மூச்சுவிடாமல் வாசித்தும் அக்காவுக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தாள். ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தாள். நடுவில், "நில்லு. பதினொண்ணாவது வரி, 'மரம்'ல ஒரு புள்ளி இல்ல," என்பார். அந்தத் தாளின் மேல் மூலையில் ஒரு குத்தூசியால் தேதியைக் குத்திக் கழிவுப் பெட்டியில் போடுவார். அடுத்த தாள் வந்துவிடும்.

பச்சைப் பென்சில் தானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டார். கையோடு கொண்டுவந்திருந்த மேஜை விளக்கைப் படுக்கவைத்து, புள்ளிகளின் நிழல் விழுகிற மாதிரி செய்துகொண்டு, அட்டவணையைப் பக்கத்தில் விரித்துவைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். கழுத்து பிடித்துக்கொண்டது. ஐம்பது நிமிஷம் ஆயிற்று. "இது சரியான தாள்," என்று அறிவித்தார். அக்கா கையை நீட்டி அதை வாங்கினார். ஒன்றரை நிமிஷம் கழித்து, "ஏழாவது வரியில ரெண்டாவது வார்த்தை, சார். கடைசி எழுத்து," என்றார். பச்சைப் பென்சில் விளக்கை இன்னும் தாழ்த்திப் பார்த்தார். ஒரு புள்ளி அரைகுறையாக எழும்பியிருந்தது. இருக்கிறதா இல்லையா என்று அவர் கண்ணுக்கு இப்போதும் நிச்சயமாகத் தெரியவில்லை.

முப்பது வருஷமாக ஒரு பைசா வித்தியாசத்தை மோப்பம் பிடித்த கண் அது. அந்தக் கண்ணைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்ததும் உண்மை. அன்றைக்கு அது இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஒரு மனித விரலால் இவ்வளவு முடியுமா என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். "முப்பது வருஷத்துல முதல் தடவையா இன்னொருத்தர நல்லபடியா சொல்றீங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று அந்த அம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை வாரம் முழுக்கத் தொலைபேசியில் தொண்டை வறளப் பேசியதற்குப் பலன் இருந்தது. தையற்காரம்மா துணிப் பையில் கொண்டுவந்தாள். பேருந்து நடத்துநர் டிக்கெட் பையோடு அப்படியே வேலையிலிருந்து வந்திருந்தார். ஒரு காவலாளி, ஒரு ஓட்டல் சமையல்காரர், ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற கணவன் மனைவி. தாள் மடங்கினால் புள்ளி நசுங்கிவிடும் என்று ஒருவர் பழைய கதவுப் பலகை இரண்டின் நடுவே வைத்துக் கயிறு கட்டித் தோளில் சுமந்து வந்தார். பொட்டலம் கட்டும் அறையில் நிற்க இடமில்லை.

பச்சைப் பென்சில் முதல் கட்டை அவிழ்த்தார். முதல் தாளில் ஒரு பென்சில் வட்டம். இரண்டாவதில் ஒரு வட்டம். புரட்டிக்கொண்டே போனார். எல்லாத் தாளிலும், எங்கோ ஒரு மூலையில், சில இடத்தில் நடுங்கி, சில இடத்தில் அழுத்தி, ஒரு வட்டம் இருந்தது. கலந்து கட்டி இருபத்தைந்து தாளை உருவி எடுத்து, வட்டம் போட்ட வரிகளை விளக்கைச் சாய்த்து, அசல் புத்தகத்தோடு ஒப்பிட்டார். இருபத்தைந்திலும் வட்டத்துக்குள் பிழை இருந்தது. ஒன்றில்கூட வட்டம் இடம் மாறவில்லை.

டிக் போடுவது தன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். இங்கே டிக்கெட் கிழிக்கிறவரும் துணி தைக்கிறவளும், வேலை முடிந்து வந்த களைப்போடு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டாயிரம் தாளைத் தணிக்கை செய்து முடித்திருந்தார்கள். சம்பளம் இல்லை, கையெழுத்து இல்லை. தங்கள் பிள்ளை படிக்கிறதைத் தாங்களும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமும் இல்லை.

கத்தரியை எடுத்து மூலைகளை வெட்ட ஆரம்பித்தார். தங்கை எண்ணினாள். மதியம் தன் டப்பாவைத் திறக்கவே மறந்துபோனார். யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டார். குடித்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. காலடியில் வெள்ளை முக்கோணங்கள் குவிந்தன. சாயங்காலம் நாலு மணிக்குத் தங்கையின் குரல் நின்றது.

"ரெண்டாயிரத்து நூத்தி முப்பத்தொம்பது."

மறுபடியும் எண்ணினார்கள். அதேதான். ஒரு தாள் குறைந்தது. அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்கா மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் கதவோரம் நின்ற ஒருவர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். ஒரு கொத்தனார். காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டி, இரண்டு அட்டைக்கு நடுவே ஒரே ஒரு தாள் வைத்திருந்தார்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்குங்க."

பச்சைப் பென்சிலுக்கு உயிர் வந்தது. வாங்கினார், கத்தரியை மூலையில் வைத்தார்.

"வெட்டாதீங்க ஐயா," என்றார் கொத்தனார். "நான் இன்னும் தப்பக் கண்டுபிடிக்கல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனிதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "எல்லாரும் முப்பது, நாப்பது தாள் முடிச்சுட்டாங்க. எனக்குக் குடுத்தது இந்த ஒண்ணுதான். நாலு மாசமாத் தேடறேன். சிமெண்டுல ஊறி ஊறி விரல் செத்துப் போச்சுங்க, ஒண்ணும் உறைக்க மாட்டேங்குது. அக்காகிட்ட இன்னொரு தாள் கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. என் பொண்ணுகிட்டகூட நான் இங்க வர்றதச் சொல்லல. தப்பக் கண்டுபிடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருக்கேன்."

தாளில் வட்டம் இல்லை. வட்டம் இல்லாத தாள் என்றால் தணிக்கைக்காரனுக்கு ஒரே அர்த்தம்தான்: இது பிழையான தாளே இல்லையோ? நல்ல தாளும் இப்படி வெளியே போயிருக்கிறதோ? இரக்கப்பட்டு வெட்டிவிட்டால் கணக்கு முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தாளை அக்காவின் கையில் கொடுத்தார்.

அக்கா படித்தார். ஒன்றரை நிமிஷம். படித்து முடித்து, மறுபடி மேலே போய்ப் படித்தார். அச்சகம் தொடங்கிய பதினோரு வருஷத்தில் அவர் ஒரு தாளை இரண்டு தடவை படித்துத் தங்கை பார்த்ததில்லை. பிறகு அக்காவின் விரல் மேல் மூலைக்குப் போய், அங்கே குத்தியிருந்த தேதியைத் தடவியது. அப்படியே நின்றது.

"இதுல தப்பே இல்ல," என்றார்.

கொத்தனார் புரியாமல் பார்த்தார்.

"அன்னைக்குக் காலையில அடுப்புல விரலச் சுட்டுக்கிட்டேன். சின்னக் கொப்புளம். வந்து உக்காந்து முதல் தாள எடுத்தா, எழுத்துக்கு எழுத்து ஒரு புள்ளி கூடுதலா நிக்குது. மூணாவது ஊசி சிக்கிக்கிச்சுன்னு நெனச்சுக் கழிச்சுட்டேன். ரெண்டாவது தாளும் அதே மாதிரி. அப்பத்தான் தெரிஞ்சுது, கூடுதல் புள்ளி தாள்ல இல்ல, என் விரல்லன்னு. மூணு நாள் வேலைக்கே வரல. ஆனா அந்த முதல் தாளத் திருப்பி எடுக்க மறந்துட்டேன்." அக்காவின் முகம் கொத்தனார் நின்ற பக்கம் திரும்பியது. "தப்பு உங்க விரல்ல இல்லங்க. என் விரல்ல. இல்லாத ஒண்ண நாலு மாசம் தேட வச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

கொத்தனார் தன் விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அந்தத் தாள்ல என்ன இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார் பச்சைப் பென்சில்.

கொத்தனார் கண்ணை மூடிக்கொண்டார். "கடல் நீர் வெயில்ல சூடாகி ஆவியாகுது. ஆவி மேல போய்க் குளிர்ந்து மேகமாகுது. மூணாம் வகுப்புப் பாடங்க. கடல நான் பாத்ததில்ல. ஆனா நாலு மாசமாத் தடவிக்கிட்டு இருக்கேன்." நிறுத்தாமல் கடைசி வரி வரை சொன்னார். தங்கை அசல் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டே வந்தாள். ஒரு சொல்கூட மாறவில்லை.

பச்சைப் பென்சில் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனாலும் பிறவிக் குணம் எங்கே போகும்? மனப்பாடமாகவும் இருக்கலாமே. வெட்டிய குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாளை உருவி, வட்டத்தை ரப்பரால் சுத்தமாக அழித்துவிட்டு, "இதப் படிங்க," என்று கொத்தனார் முன்னால் வைத்தார்.

கொத்தனார் தன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெடிப்பு விழுந்த அந்தத் தடித்த விரல் முதல் எழுத்தின் மேல் இறங்கியது. ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, "ப," என்றார். "பற... பறவை." கீழே டயர் கடையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "பறவை கூடு கட்டும்." இரண்டாவது வரி. மூன்றாவது வரி. நடத்துநர் அடுத்த பேருந்துக்குப் போக வேண்டியவர், போகவில்லை. ஒன்பதாவது வரியில் விரல் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று.

"இங்க," என்றார் கொத்தனார். கைக்குட்டையை அவிழ்த்தார். "இங்க ஒரு புள்ளி இல்ல. இதுதான, அக்கா?"

அக்கா எட்டி, அவர் விரல் நின்ற இடத்தில் தன் விரலை வைத்தார். "இதேதான்," என்றார்.

பச்சைப் பென்சில் எழுந்து நின்றுவிட்டார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. பெரியவர் யாராவது அறைக்குள் வந்தால் எழுந்து நிற்போமே, அப்படித்தான் இருந்தது. தப்பு இருக்கிறது என்று நம்பி, தப்பே இல்லாத ஒரு தாளை நாலு மாசம் தேய்த்து, தன்னால் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டே ஒரு மனிதர் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது தங்கை கெஞ்சினாள். "ஒரே ஒரு தாள்தான சார். அதையும் பிழைன்னே எழுதிடுங்களேன். பதினோரு வருஷத்துல அக்கா பேருல ஒரு தப்பு இல்ல."

அக்கா விடவில்லை. "எழுதுங்க சார். ஒரு புள்ளி கூடினாலே தாளக் கழிக்கறவ நான். என் கணக்குல ஒரு தாள் கூடினா சும்மா விடுவேனா?"

அப்படியே எழுதினார். இரண்டாயிரத்து நூற்று முப்பத்தொன்பது தாள் பிழையானவை. நேரில் பார்த்து மூலை வெட்டப்பட்டது. ஒரு தாள் தவறுதலாகக் கழிக்கப்பட்ட நல்ல தாள், மூலை வெட்டப்படவில்லை, இருப்பில் சேர்க்கப்பட்டது, அடுத்த வருடப் புத்தகத்தில் பயன்படுத்தப்பட வேண்டும். பதிவேட்டில் 'அழிக்கப்பட்டது' என்று எழுதியது தவறு என்பதையும் விடாமல் எழுதினார். பழைய எந்திரத்தின் மூன்றாவது ஊசியைப் பற்றி, யாரும் கேட்காமலே, ஒரு பத்தி சேர்த்தார்.

நல்ல தாள் அரசாங்கச் சொத்து. அதைக் கொத்தனார் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தார், இரண்டு கையாலும். கொடுத்துவிட்டு, "அடுத்த வருஷம் என் பொண்ணு மூணாம் வகுப்புங்க," என்று மட்டும் சொன்னார். அக்கா அந்தத் தாளை இன்னொரு முறை தடவினார். "புள்ளி கொஞ்சம் தேஞ்சிருக்கு. ஆனா படிக்கலாம். பாஸ்," என்றார்.

தவணை வந்தது. புத்தகங்கள் போயின. மறு வருஷம், புத்தகங்கள் சேர வேண்டிய பிள்ளைகளிடம் சேர்ந்தனவா என்று பார்ப்பதற்காகப் பச்சைப் பென்சில் ஒரு பள்ளிக்குப் போனார். எந்தப் பள்ளி என்று தேர்ந்தெடுப்பது தணிக்கையாளர் இஷ்டம். அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரட்டைப் பின்னல் போட்ட எட்டு வயதுப் பெண் ஜன்னலோர பெஞ்சில் புத்தகத்தைத் திறந்து படித்துக் காட்டினாள். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம். மழைப் பாடத்துக்கு வந்தபோது விரல் நின்றது.

"சார், இது புதுப் புத்தகம்னு சொன்னாங்களே."

"புதுசுதாம்மா."

"இல்ல சார். இந்தப் பக்கத்த மட்டும் யாரோ ஏற்கெனவே படிச்சிருக்காங்க. ரொம்பத் தடவ படிச்சிருக்காங்க. புள்ளியெல்லாம் வழவழன்னு இருக்கு. யாரு சார்?"

தணிக்கையில் தெரிந்துகொண்டதை வெளியே சொல்லக் கூடாது. அது அந்தத் தொழிலின் முதல் பாடம். முப்பத்தொரு வருஷத்தில் பச்சைப் பென்சில் கட்டிய மனைவியிடம்கூட ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொன்னதில்லை.

"உங்கப்பா," என்றார்.

பெண் தலை நிமிர்ந்தாள். "அப்பாவுக்குப் புள்ளி எழுத்துப் படிக்கத் தெரியும். ஆனா எங்க படிச்சாருன்னு கேட்டா சொல்லவே மாட்டாரு," என்றாள். பிறகு, பாதியில் நின்ற விரலை எடுத்து, அந்தப் பக்கத்தின் மேல் வரிக்குக் கொண்டுபோய், முதல் எழுத்திலிருந்து மறுபடியும், இந்தத் தடவை மிக மெதுவாக, படிக்க ஆரம்பித்தாள்.